இயல் 7: நிறுத்தும் பாதையின் பிழைகள் – கர்னலில் ஒரு டிஎம்ஏ இயக்கியைச் சீர்செய்தல்

நேரடி நினைவக அணுகல், சுருக்கமாக டிஎம்ஏ, என்பது மையச் செயலி ஒவ்வொரு பைட்டையும் தானே சுமக்காமல், ஒரு கட்டுப்படுத்தி முதன்மை நினைவகத்தை நேராகப் படிக்கவும் எழுதவும் வழிசெய்யும் வன்பொருள் ஏற்பாடு ஆகும். 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8237 என்னும் தனிச் சில்லு நான்கு சேனல்களோடு இவ்வேலையைச் செய்தது. இன்றைய ஒற்றைச் சில்லு அமைப்புகளில் அதே வேலைக்கான கட்டுப்படுத்தி செயலியோடு ஒரே சிலிக்கான் துண்டில் அமர்ந்திருக்கிறது. வேகமும் அளவும் எவ்வளவோ மாறியிருந்தாலும் அடிப்படை ஏற்பாடு மாறவில்லை: எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்று செயலி எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட, கட்டுப்படுத்தி தரவை நகர்த்தி முடித்து, குறுக்கீடு எனப்படும் மின் அழைப்பின் மூலம் முடிந்ததைச் செயலிக்குத் தெரிவிக்கிறது. இந்த ஏற்பாட்டை நடத்திவைக்கும் கர்னல் நிரலே டிஎம்ஏ இயக்கி.

தொடங்கும் பகுதியில் தவறு இருந்தால் அது உடனே வெளிப்படும். தரவு நகராது, அல்லது தவறான இடத்தில் போய் விழும், இயக்கியை எழுதியவரே அதைக் கண்டு திருத்திவிடுவார். பாதியில் நிறுத்தும் பகுதியில் உள்ள தவறு அத்தகையது அன்று. அந்தப் பாதை அரிதாகவே நடக்கிறது, நடக்கும்போதும் பெரும்பாலும் தற்செயலாகச் சரியாகவே முடிகிறது, ஆகவே ஆண்டுக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. டிஎம்ஏ இயக்கி ஒன்றைச் சீர்செய்ய முனைபவர் முதலில் வாசிக்க வேண்டியது நிறுத்தும் செயற்கூற்றையே என்பது இவ்வியலின் நிலைப்பாடு; அதற்குச் சான்றாக லினக்ஸ் கர்னலின் பிசிஎம்2835 டிஎம்ஏ இயக்கியும், 2019 தொடக்கத்தில் அதில் செய்யப்பட்ட இரண்டு திருத்தங்களும் இங்கே விரிவாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வன்பொருளும் இயக்கியும்

பிசிஎம்2835 என்பது ராஸ்பெரி பை கணினியின் முதல் மாதிரியில் அமைந்த பிராட்காம் சில்லு. அதன் டிஎம்ஏ கட்டுப்படுத்திக்கு 16 சேனல்கள் உண்டு. சேனல் என்பது மற்றவற்றைச் சாராமல் ஒரு பரிமாற்றத்தை நடத்தவல்ல தனி அலகு, அதற்கென்று தனிப் பதிவகங்கள், அதாவது செயலி படிக்கவும் எழுதவும் கூடிய சிறு வன்பொருள் அறைகள், உள்ளன. ஒரு பரிமாற்றத்தின் விவரங்கள் நேரடியாகப் பதிவகங்களில் எழுதப்படுவதில்லை. நினைவகத்தில் 32 பைட் நீளமுள்ள கட்டுப்பாட்டுத் தொகுதி ஒன்றில் மூல முகவரி, சேரிட முகவரி, நீளம், அடுத்த தொகுதியின் முகவரி ஆகியவை எழுதி வைக்கப்பட, முதல் தொகுதியின் முகவரி மட்டும் சேனலின் தொகுதி முகவரிப் பதிவகத்தில் இடப்படுகிறது. பிறகு கட்டுப்பாட்டு நிலைப் பதிவகத்தின் 0ஆம் பிட்டாகிய ‘ஆக்டிவ்’ பிட்டை 1 ஆக்கியவுடன் கட்டுப்படுத்தி தொகுதிகளைச் சங்கிலியாகத் தொடர்ந்து சென்று, அடுத்த முகவரி பூஜ்யமாக உள்ள இடத்தில் நின்றுவிடுகிறது.

லினக்ஸில் இத்தகைய கட்டுப்படுத்திகள் அனைத்துக்கும் பொதுவான இடைமுகம் டிஎம்ஏஎன்ஜின் என்னும் துணை அமைப்பு. அது 2006இல் 2.6.18 பதிப்போடு கர்னலில் நுழைந்தது. ஒலி, எஸ்பிஐ என்னும் தொடர் இணைப்பு போன்றவற்றின் இயக்கிகள், அதாவது டிஎம்ஏ சேவையைக் கோரும் இயக்கிகள், இந்த இடைமுகத்தின் வழியாக ஒரு சேனலைப் பெற்று, பரிமாற்றத்தை விவரிக்கும் டிஸ்கிரிப்டர் என்னும் தரவுக் கட்டமைப்பைத் தயாரித்து, அதை வரிசையில் சேர்த்து, இறுதியாக வரிசையை ஓடவிடும் அழைப்பைச் செய்கின்றன. வரிசையில் சேர்ப்பது வேறு, ஓடவிடுவது வேறு. சேர்த்ததும் பரிமாற்றம் தொடங்கிவிடும் என்று எண்ணி எழுதப்பட்ட நிரல்கள் புதியவர்களிடம் இன்றும் காணப்படுகின்றன.

பிசிஎம்2835 இயக்கி 2014இல் 3.14 பதிப்பில் சேர்க்கப்பட்டபோது சுழற்சிப் பரிமாற்றத்தை மட்டுமே அறிந்திருந்தது. சுழற்சிப் பரிமாற்றம் என்பது ஒலிக்காக அமைந்தது: சங்கிலியின் கடைசித் தொகுதி மீண்டும் முதல் தொகுதியைச் சுட்டுவதால், நிறுத்தும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். பின்னர் சிதறிய நினைவகத் துண்டுகளைக் கோத்துப் பரிமாறும் வகையும் வந்து சேர்ந்தது. எஸ்பிஐ இயக்கிக்கு இந்த வகையே தேவை. ஒலி இயக்கி ஒரு பாட்டு முடியும்போது ஒருமுறை சேனலை நிறுத்தும். எஸ்பிஐ வழியாக ஈதர்நெட் சில்லு இணைக்கப்பட்டிருந்தாலோ, சிறு பரிமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல் தொடங்கி முடிகின்றன. பழைய நிரலின் மீது இத்தகைய புதிய பயன்பாடு ஏறும்போதுதான் நிறுத்தும் பாதையின் குறைகள் வெளியே தெரியத் தொடங்குகின்றன.

முதலில் விலக்க வேண்டிய ஐயங்கள்

குறை இயக்கியில்தான் உள்ளது என்று முடிவுகட்டும் முன், கோரும் இயக்கி நினைவகத்தைச் சரியாக ஒப்படைக்கிறதா என்று பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். செயலி காணும் முகவரியும் கட்டுப்படுத்தி காணும் பஸ் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிசிஎம்2835இல் செயலிக்குப் பூஜ்யத்தில் தொடங்கும் நினைவகம் டிஎம்ஏவுக்கு 1 ஜிகாபைட் எல்லையிலிருந்தும், அடுத்து வந்த பிசிஎம்2836இல் 3 ஜிகாபைட் எல்லையிலிருந்தும் தொடங்குவதாகக் கர்னலின் வன்பொருள் விவரக் கோப்பு குறிக்கிறது. ஆகவே முகவரியைக் கையால் கணக்கிடும் எந்த வரியும் ஐயத்துக்குரியது. டிஎம்ஏ_மேப்_சிங்கிள் போன்ற செயற்கூறு திருப்பித் தரும் முகவரியையே பயன்படுத்த வேண்டும், அது பிழையைத் திருப்பியுள்ளதா என்பதையும் உடனே சரிபார்க்க வேண்டும்.

அந்தச் செயற்கூறு முகவரியை மாற்றித் தருவதோடு நிற்பதில்லை. தரவின் பொறுப்பையும் கைமாற்றுகிறது. செயலியின் கேஷ், அதாவது அண்மையில் தொட்ட தரவின் நகலை வைத்திருக்கும் விரைவு நினைவகம், பல ஆர்ம் அமைப்புகளில் டிஎம்ஏவோடு தானாக ஒத்திசைவதில்லை. இடையகத்தை, அதாவது பரிமாறப்படும் தரவு தங்கும் நினைவகப் பகுதியை, சாதனத்திடம் ஒப்படைத்த பின் செயலி அதைத் தொட்டாலோ, ஒரே கேஷ் வரியில் இடையகமும் வேறொரு மாறியும் அருகருகே அமைந்தாலோ, சாதனம் எழுதிய தரவின் மேல் பழைய நகல் வந்து படியலாம். இதே காரணத்தால் செயற்கூற்றின் அடுக்கு நினைவகத்தை டிஎம்ஏவுக்குக் கொடுப்பது எப்போதுமே தவறு. 2016இல் வந்த 4.9 பதிப்பு 64-பிட் எக்ஸ்86 கர்னலில் அந்த அடுக்கை மெய்நிகர் முகவரிப் பரப்புக்கு மாற்றியபோது, அதுவரை தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த பல இயக்கிகளின் குற்றம் வெளிப்பட்டது. இவ்வகைத் தவறுகளைத் தேடிக் கண்ணை வருத்த வேண்டியதில்லை. கர்னலை டிஎம்ஏ ஏபிஐ டீபக் என்னும் அமைப்புத் தேர்வோடு தொகுத்து ஓட்டினால், விடுவிக்காமல் விட்ட ஒப்படைப்பையும், திசை மாறிய விடுவிப்பையும், பிழை சரிபார்க்காத அழைப்பையும் அதுவே பதிவேட்டில் எழுதிவிடும்.

நிறுத்தும் செயற்கூறு

மேற்சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும், சுமை மிகும்போது எஸ்பிஐ பரிமாற்றம் காலாவதியானது என்ற செய்தியும், அதையடுத்து டிஎம்ஏ பரிமாற்றத்தை நிறுத்த முடியவில்லை என்ற செய்தியும் கர்னல் பதிவேட்டில் தோன்றின. இரண்டாவது செய்தியே பிழை தேடுபவருக்குக் கிடைத்த முதல் துப்பு, ஏனெனில் அது நிறுத்தும் பாதையிலிருந்து வந்தது.

அந்தப் பாதையில் சேனலை நிறுத்தும் பழைய செயற்கூறு செய்தது இதுதான்: ‘ஆக்டிவ்’ பிட்டைப் பூஜ்யமாக்கிச் சேனலை இடைநிறுத்தியது, பின் ‘பாஸ்டு’ எனப்படும் 4ஆம் பிட் பூஜ்யமாகும்வரை ஒரு சுற்றில் காத்திருந்தது, அதன் பின் அடுத்த தொகுதியின் முகவரி நிற்கும் ‘அடுத்த தொகுதிப்’ பதிவகத்தில் பூஜ்யம் எழுதி, ‘அபார்ட்’ பிட்டையும் ‘ஆக்டிவ்’ பிட்டையும் ஏற்றியது. வாசிக்கும்போது முறையாகவே தோன்றும் இந்த வரிசையை, பிராட்காம் 2012இல் வெளியிட்ட வன்பொருள் கையேட்டின் நான்காம் இயலோடு ஒப்பிட்டால் மூன்று குறைகள் புலப்படுகின்றன.

முதலாவது மிகவும் வெளிப்படையானது. சேனல் இடைநிறுத்தப்பட்டிருப்பதைக் காட்டுவதே ‘பாஸ்டு’ பிட்டின் வேலை. ‘ஆக்டிவ்’ பிட்டைப் பூஜ்யமாக்கியதால் அது 1 ஆகிறது. தானே 1 ஆக்கிய பிட் பூஜ்யமாகட்டும் என்று செயற்கூறு காத்திருந்தது என்றால், அது முடிவில்லாச் சுற்று. 10,000 முறைக்கு மேல் சுற்றாதே என்ற வரம்பு ஒன்று இருந்ததால் மட்டுமே கர்னல் உறையாமல் தப்பியது. நடப்பிலுள்ள பஸ் பரிமாற்றம் முடியும்வரை காத்திருத்தல் என்று அருகில் இருந்த குறிப்புரை சொன்னது. மடையை அடைத்த கணத்திலேயே வாய்க்காலில் இறங்கிவிட்ட நீர் நின்றுவிடாதது போல, சேனலை இடைநிறுத்திய பிறகும் பஸ்ஸில் ஏற்கனவே புறப்பட்டுவிட்ட எழுத்துகள், அதாவது தரவை எழுதும் செயல்கள், நினைவகத்தைச் சென்றடையவே செய்யும். அவற்றுக்காகக் காத்திருப்பதுதான் குறிப்புரையின் நோக்கம், அதைக் காட்டுவது 6ஆம் பிட். நோக்கம் சரி, பார்த்த பிட் தவறு. குறிப்புரையும் நிரலும் முரண்படும் இடத்தில் இரண்டில் எது எழுதியவரின் எண்ணம் என்று கேட்பது பிழைநீக்கத்தின் மிகப் பயனுள்ள பழக்கம். இங்கே குறிப்புரையே எண்ணத்தைக் காத்து வைத்திருந்தது.

இரண்டாவது குறை, நிலைப் பதிவகம் செயற்கூற்றின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை படிக்கப்பட்டது. அந்தப் படிப்புக்கும் இடைநிறுத்தலுக்கும் இடைப்பட்ட நுண்பொழுதில் புறப்பட்ட எழுத்துகள் கணக்கில் வராமல் போகலாம். பதிவகத்தை இடைநிறுத்திய பின், சுற்றின் ஒவ்வொரு முறையும், புதிதாகப் படிக்க வேண்டும்.

மூன்றாவதைக் கையேட்டால் மட்டும் தீர்க்க முடியாது, ஏனெனில் கையேடே தன்னோடு முரண்படுகிறது: ஒரு பக்கத்தில் அடுத்த தொகுதிப் பதிவகத்தை எழுதக்கூடிய பதிவகங்களின் பட்டியலில் சேர்க்காமல் விட்டு, அடுத்த பக்கத்திலேயே இடைநிறுத்திய நிலையில் அதை மாற்றி எழுதலாம் என்கிறது. இத்தகைய இடத்தில் தீர்ப்பு சொல்ல வேண்டியது வன்பொருளே. நிறுத்தும் செயற்கூறு முடிந்தபின் பதிவகங்களைப் படித்துப் பார்த்தபோது, தொகுதி முகவரி முன்பிருந்தபடியே இருந்தது, நிலைப் பதிவகத்தில் ஹெக்ஸாடெசிமல் முறையில் 30 என்ற மதிப்பு நின்றது. அதாவது 4, 5 ஆகிய பிட்டுகள் மட்டும் ஏறியிருந்தன. பரிமாற்றம் கைவிடப்படவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பரிமாற்றம் தொடங்கும்போது பழையதும் விழித்து எழும். பழைய பரிமாற்றத்தின் இடையகம் அதற்குள் விடுவிக்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம் என்பதை எண்ணினால் இதன் அபாயம் விளங்கும்.

இதற்கான திருத்தம் பழைய நிரலைவிடச் சிறியது: இடைநிறுத்திய பின் 6ஆம் பிட் இறங்கும்வரை வரம்போடு காத்திருந்து, பின் ‘ரீசெட்’ எனப்படும் 31ஆம் பிட்டை ஒரே ஓர் எழுத்தில் ஏற்றுவது. அது அடுத்த தொகுதிப் பதிவகத்தையும் நிலைப் பதிவகத்தையும் தவறாமல் பூஜ்யமாக்குகிறது என்பது சோதனையில் உறுதியானது. காத்திருப்பின் வரம்பை எடுத்துவிடக் கூடாது. முன்பு அது தவறான பிட்டை மறைத்தது உண்மைதான், என்றாலும் பதில் தராமல் சிக்கிக்கொண்ட சாதனம் ஒன்று இருந்தால் கர்னலைக் காப்பதும் அதுவே. வரம்பு தீர்ந்தால் பதிவேட்டில் பிழைச் செய்தி எழுத வேண்டும், அமைதியாகக் கடந்துவிடக் கூடாது.

தாமதமாக ஓடும் குறுக்கீட்டுக் கையாளி

இரண்டாவது திருத்தம் நுட்பமானது. மேற்கண்ட நிறுத்தும் செயற்கூற்றை அழைக்கும் முழு நிறுத்தச் செயற்கூற்றில் ஒரு குறிப்புரை இருந்தது: சேனலை நிறுத்திய பிறகு குறுக்கீட்டுக் கையாளி ஓடாது என்று கொள்கிறோம், ஓடினாலும் நடப்பு டிஸ்கிரிப்டர் வெறுமையாக இருப்பதைக் கண்டு திரும்பிவிடும் என்பது அதன் பொருள். கையாளி குறுக்கீடு வந்த கணத்திலேயே ஓடும் கர்னலில் இந்த அனுமானம் ஏறக்குறைய சரி. ஆனால் 2011இல் 2.6.39 பதிப்பில் வந்த ‘த்ரெட்ஐஆர்க்யூஸ்’ என்னும் தொடக்கத் தேர்வு, கையாளிகளைத் தனித்தனி இழைகளாக, அதாவது செயலி நேரத்துக்கு மற்றவற்றோடு போட்டியிடும் ஓட்டங்களாக, மாற்றிவிடுகிறது, 2024இல் 6.12 பதிப்போடு முதன்மைக் கர்னலில் முழுமை பெற்ற நிகழ்நேரத் தேர்விலும் அவ்வாறே. இழை எப்போது ஓடும் என்பதற்கு உறுதி இல்லை என்னும்போது நிகழக்கூடியது வருமாறு.

ஒரு பரிமாற்றம் முடிகிறது, குறுக்கீடு எழுகிறது, ஆனால் அதன் இழை இன்னும் ஓடவில்லை. இதற்குள் கோரும் இயக்கி அந்தப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்ல, நடப்பு டிஸ்கிரிப்டர் வெறுமையாக்கப்படுகிறது. அடுத்த நொடியே அது புதிய டிஸ்கிரிப்டரைக் கொடுக்க, சேனல் ஓய்ந்திருப்பதால் பரிமாற்றம் உடனே தொடங்குகிறது. இப்போதுதான் பழைய குறுக்கீட்டின் இழைக்கு நேரம் கிடைக்கிறது. அது குறுக்கீட்டை ஏற்றதற்கு அடையாளமாக நிலைப் பதிவகத்தில் 2ஆம் பிட்டை மட்டும் 1 ஆக வைத்து எழுதுகிறது; அந்த எழுத்திலேயே 0ஆம் பிட் பூஜ்யமாகப் போவதால், பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் புதிய பரிமாற்றம் நின்றுவிடுகிறது. மேலும் நடப்பு டிஸ்கிரிப்டர் வெறுமையாக இல்லை என்பதைக் கண்டு, முடியாத அந்தப் பரிமாற்றத்தை முடிந்ததாகவே கணக்கெழுதுகிறது.

இதன் வேர் பதிவகத்தின் அமைப்பில் உள்ளது. 2ஆம் பிட் 1 எழுதினால் அழியும் வகை. 0ஆம் பிட் எழுதியதை அப்படியே ஏற்கும் வகை. இரண்டு இயல்புகளும் ஒரே பதிவகத்தில் கலந்திருக்கும்போது, ஒன்றை மட்டும் தொடுவதாக எண்ணி எழுதும் ஒவ்வோர் எழுத்தும் மற்றதையும் தொடுகிறது. எந்த இயக்கியைச் சீர்செய்யும்போதும் பதிவகங்களின் பிட்டுகளை இவ்விரு வகையாகப் பிரித்துக் குறித்துக்கொண்டு, கலப்புப் பதிவகங்களுக்கு எழுதும் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது. கையாளிகளில் உள்ள போட்டிநிலைகளில், அதாவது இரண்டு ஓட்டங்களில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும் நிலைகளில், கணிசமானவை அந்த வரிகளில்தான் அகப்படும்.

தீர்வாக முதலில் தோன்றக்கூடியது, புதிய பரிமாற்றத்தைத் தொடங்கும் முன் பழைய இழை முடியும்வரை காத்திருப்பது. அது வேலை செய்யும், ஆனால் குறுக்கீட்டைப் பற்றிக் கவலையே இல்லாத கோரிக்கையாளருக்கும், எஸ்பிஐயின் அனுப்புச் சேனல் அத்தகையது, வீண் தாமதத்தைத் தரும். தவிரவும் வரிசையை ஓடவிடும் அழைப்பு உறங்கக் கூடாத சூழலிலிருந்தும் வரலாம், இழைக்காகக் காத்திருப்பதோ உறங்கக்கூடிய செயல். ஏற்றுக்கொள்ளப்பட்ட தீர்வு வேறு திசையில் சென்றது: கையாளி குறுக்கீட்டை ஏற்கும் அதே எழுத்தில் ‘ஆக்டிவ்’ பிட்டையும் 1 ஆக வைத்தே எழுதுகிறது. ஓடும் பரிமாற்றம் அதனால் தடைபடாது, முடிந்த சேனலோ பிட் ஏறியிருந்தும் ஓய்வாகவே இருக்கும். ஆனால் அதன்பின் ‘ஆக்டிவ்’ பிட்டைப் பார்த்து ஓய்வை அறிய முடியாது; ஆகவே தொகுதி முகவரிப் பதிவகம் பூஜ்யமா என்று படித்து, பூஜ்யமாக இருந்தால் மட்டுமே நடப்பு டிஸ்கிரிப்டரை முடித்து வைக்கிறது. இடையில் எத்தனை டிஸ்கிரிப்டர்கள் வந்து போயிருந்தாலும் இந்த விதி பிறழாது: முகவரி பூஜ்யம் என்றால் இப்போது பதிவில் உள்ளது உண்மையிலேயே முடிந்தது, இல்லையென்றால் அது இன்னும் ஓடுகிறது. நிறுத்தும் செயற்கூறும் இதே சோதனையைப் பயன்படுத்துகிறது. சுழற்சிப் பரிமாற்றத்துக்கு முன்பு தேவைப்பட்ட இரண்டாவது எழுத்து இப்போது தேவையில்லை என்பது எதிர்பாராத ஆதாயம்.

இங்கே கோரும் இயக்கியின் கடமை ஒன்றும் உண்டு. டிஎம்ஏஎன்ஜினில் நிறுத்தும் அழைப்பு இரு வகை. காத்திராத வகை உடனே திரும்பிவிடும், முடிவு அறிவிப்புச் செயற்கூறு வேறொரு செயலியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். இடையகத்தை விடுவிக்கும் முன் ஒத்திசைக்கும் அழைப்பைத் தனியாகச் செய்தாக வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்யும் காத்திருப்பு வகையைப் பயன்படுத்த வேண்டும். அந்த ஒத்திசைவுக்கான செயற்கூற்றை இயக்கி தன் பங்குக்கு வழங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சோதித்தல்

கர்னலோடு வரும் டிஎம்ஏடெஸ்ட் என்னும் தொகுதி நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கான படியெடுப்பைச் சோதிக்கிறது. முகவரி, நீளம், தரவுச் சிதைவு ஆகியவற்றுக்கு அது போதும். ஆனால் முழுமையாக முடியும் பரிமாற்றங்களே அதில் பெரும்பாலானவை என்பதால், நிறுத்தும் பாதைக்கு அதன் ஒப்புதலைச் சான்றாகக் கொள்ள முடியாது. தொடக்கக் கட்டளை வரியில், ராஸ்பெரி பையில் அது சிஎம்டிலைன் என்னும் உரைக்கோப்பில் உள்ளது, ‘த்ரெட்ஐஆர்க்யூஸ்’ தேர்வைச் சேர்த்து, செயலியைக் கடுஞ்சுமையில் வைத்து, பரிமாற்றங்களைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி உடனே அடுத்ததைத் தொடங்கும் வேலையை நெடுநேரம் ஓட்ட வேண்டும். திருத்தத்துக்கு முந்தைய கர்னலில் பிழை தோன்றுகிறது என்பதை முதலில் உறுதிசெய்யாத சோதனைக்கு மதிப்பில்லை. விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைக் காட்டும் கேசன், பூட்டுகளின் வரிசைப் பிறழ்வைக் காட்டும் லாக்டெப் ஆகிய கருவிகளைத் தனியே தொகுத்த மற்றொரு கர்னலில் ஓட்டுவது நல்லது. அவை காலக் கணக்கை மாற்றுவதால், போட்டிநிலை அவற்றின் கீழ் மறைந்துவிடுவதும் உண்டு.

திருத்தத்தை ஒப்படைத்தல்

இரண்டு திருத்தங்களும் இரண்டு தனி பேட்ச்களாகவே செல்ல வேண்டும், ஒன்றில் கோளாறு என்றால் மற்றதை இழக்காமல் அதை மட்டும் திரும்பப் பெறலாம் என்பதற்காக. ஒவ்வொன்றின் விளக்கவுரையிலும் கண்ட அறிகுறி, அதன் காரணம், பதிவகத்தில் படித்த மதிப்பு, விலக்கிய மாற்றுத் தீர்வும் விலக்கிய காரணமும் இடம்பெற வேண்டும். பராமரிப்பாளரின் கையில் அந்தச் சில்லு இல்லாமல் இருக்கலாம், அவர் தீர்மானிக்க வேண்டியது இந்த உரையை வைத்தே. பிழை எந்த மாற்றத்தோடு நுழைந்தது என்பதைக் குறிக்கும் ‘ஃபிக்ஸஸ்’ வரியில் அந்த மாற்றத்தின் அடையாள எண்ணின் முதல் 12 குறிகளும் தலைப்பும் எழுதப்படுகின்றன. நிறுத்தும் செயற்கூற்றின் குறை இயக்கி பிறந்த 3.14 பதிப்பிலிருந்தே இருந்ததால், நிலைத்த கிளைகளுக்கும் திருத்தம் போக வேண்டும் என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. அப்படிப் பழைய கிளைக்குக் கொண்டு செல்லும்போது, நிறுத்தப்பட்ட டிஸ்கிரிப்டரை ஒத்திசைவு வரை காத்து வைக்கும் துணைச் செயற்கூறு அங்கே இல்லாமல் இருக்கக்கூடும். பேட்ச் முரண்பாடின்றி ஒட்டிக்கொண்டது என்பதோடு நிற்காமல், அந்தக் கிளையின் கர்னலைத் தொகுத்து அதே சுமையில் மீண்டும் ஓட்டிப் பார்த்த பின்பே அனுப்ப வேண்டும்.